கொத்சு இருந்தா டிபன், இல்லாட்டி ஸ்நாக்ஸ்: வேலை இடத்துச் சோத்துக்கு வரி வந்த கதை

இந்த எபிசோடு ஒரே ஒரு தட்டுச் சாப்பாட்டைப் பத்தினது.

சிதம்பரம் போனவங்களுக்கு சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் தெரிஞ்சிருக்கும். மிளகும் சீரகமும் பொடிச்சுப் போட்டு நெய்யில பிரட்டின சாதம். பக்கத்துல புளியோட மசிஞ்ச கத்திரிக்காய். நடராஜர் கோயில் நைவேத்தியமா இருந்து ஊர் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் பரவின சாப்பாடு. காலையில இதைச் சாப்பிட்டா மதியம் வரைக்கும் பசிக்காது.

இந்தத் தட்டை நாலு இடத்துல வச்சுப் பாருங்க.

கோயில் பிரசாதமா வாங்கினா ஜி.எஸ்.டி. கிடையாது. வழிபாட்டுத் தலங்கள் தர்ற பிரசாதத்துக்கு வரி விலக்குன்னு 2017-லயே அறிவிச்சுட்டாங்க. அதையே தேரோடும் வீதியில, ஜி.எஸ்.டி. பதிவு பண்ணின ஒரு சாதாரண ஓட்டல்ல உட்கார்ந்து சாப்பிட்டா பில்லுல 5 சதவீதம் சேரும். உங்க கம்பெனி அதையே கேன்டீன்ல சும்மா கொடுத்தா, அது சம்பளத்துக்கு மேல கிடைக்கிற சலுகை. வருமான வரிச் சட்டம் எட்டிப் பார்க்கும். நாலாவதா, கடலூர் மாவட்டத்துலயே இருக்கிற வடலூர் சத்திய தர்ம சாலையில போய் உட்கார்ந்தா, சாதம் வரும், ஆனா கணக்கு எதுவும் வராது. நீங்க யாருன்னுகூட கேட்க மாட்டாங்க.

எல்லா இடத்துலயும் வயித்துக்குள்ள போறது சோறுதான். பிரசாதம், விற்பனை, சலுகை, தர்மம்னு பேர் மட்டும்தான் மாறுது. இன்னிக்கு நான் சொல்ல வர்றதும் அவ்வளவுதான். வேலை இடத்துச் சாப்பாட்டுக்கு என்ன பேர் வைக்கிறோமோ, அதை வச்சுத்தான் அதுக்கு யார் காசு கொடுக்கணும்னு முடிவாகுது. அந்தப் பேரை வைக்கிற அதிகாரம் பெரும்பாலும் சாப்பிடுறவங்க கையில இருந்ததில்ல.

ஐம்பது ரூபாய்க் கோடு

முதல்ல நம்ம காலத்து விதி. 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டமும் 1962-ம் வருஷத்து விதிகளும் இந்த விஷயத்தை ரெண்டாப் பிரிச்சு வச்சன. ஒண்ணு, மீல், அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. வேலை நேரத்துல, வேலை இடத்துல கம்பெனி இலவசமாக் கொடுத்தா, ஒரு வேளைக்கு 50 ரூபாய் வரைக்கும் வரி இல்லாம இருந்தது. அதுக்கு மேல போனா, மிச்சம் உங்க சம்பளத்தோட சேர்ந்தது. இன்னொண்ணு, டீயும் ஸ்நாக்ஸும். வேலை நேரத்துல கொடுத்தா அதுக்கு எந்த வரம்பும் கிடையாது.

கூப்பன் வாங்கினவங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமா இருக்கும். வேளைக்கு 50, நாளைக்கு ரெண்டு வேளை, மாசம் 22 நாள். வருஷத்துக்கு 26,400 ரூபாய். கூப்பனை வேற ஒருத்தருக்குக் கைமாத்த முடியாது, சாப்பாட்டுக் கடையில மட்டும்தான் செல்லும்னு அதுக்கு நிபந்தனைகளும் உண்டு. 2020-ல் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு இந்தக் கூப்பன் விலக்கை எடுத்துட்டாங்க. இட்லி விலை எங்கேயோ போயிடுச்சு, ஆனா அந்த 50 ரூபாய் இருபது வருஷத்துக்கும் மேல அசையவே இல்ல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. மீல்னா என்ன, ஸ்நாக்ஸ்னா என்னன்னு அந்த விதியில விளக்கமே கிடையாது. ரெண்டு இட்லி, ஒரு வடை, சாம்பார். இது எதுல சேரும்?

நம்ம ஊர்ல இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு, டிபன். சாப்பாடும் இல்ல, நொறுக்குத் தீனியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. 'டிஃப்பிங்'னு ஒரு ஆங்கிலக் கொச்சைச் சொல்லுல இருந்து வந்ததா சொல்றாங்க. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்களுக்கு அது மதியம் சாப்பிடுற லேசான சாப்பாடு. நாம அதை எடுத்து, அரிசிச் சோறு இல்லாத எல்லாத்துக்கும் பேரா வச்சுட்டோம். பாட்டிங்க "சாப்பிட்டியா, டிபன் பண்ணினியா"ன்னு ரெண்டையும் தனித்தனியாக் கேட்பாங்க. அந்தத் துல்லியம் வருமான வரி விதிக்கு வரல.

எச்சோறு: அதிகாரிக்குச் சோறு, ஊருக்கு வரி

இப்போ ஆயிரம் வருஷம் பின்னாடி போவோம். சிதம்பரம் சோழர்களுக்கு எவ்வளவு முக்கியமான ஊர்னு உங்களுக்குத் தெரியும். அவங்க காலத்துக் கல்வெட்டுகள்ல நிலம் தானம் கொடுக்கும்போது, இந்த நிலத்துக்கு இன்னின்ன வரி கிடையாதுன்னு பட்டியல் போடுவாங்க. அந்த மாதிரிப் பட்டியல்கள்ல 'எச்சோறு'ன்னு ஒரு சொல் வரும். வேலையா ஊருக்கு வர்ற அரசு ஆட்களுக்கு ஊர்க்காரங்க சோறு போடணும்ங்கிற கடமைன்னு கல்வெட்டு அறிஞர்கள் அதுக்குப் பொருள் சொல்றாங்க.

அதாவது, வேலை நேரத்துல இலவசச் சாப்பாடு. இன்னிக்கு நாம பேசுற அதே விஷயம்தான், ஆனா தலைகீழா. இன்னிக்குச் சாப்பிடுறவர் மேல வரி. அன்னிக்குச் சாப்பாடு போடுறவர் மேல வரி. அதிகாரி சாப்பிட்ட சோறு அவர் கணக்குல ஏறவே இல்ல, ஊர்க் கணக்குல ஏறுச்சு.

இதே பட்டியல்கள்ல 'வெட்டி'ன்னு இன்னொரு சொல்லும் வரும். கூலி இல்லாம செய்ய வேண்டிய கட்டாய வேலை. "வெட்டியா இருக்கான்"னு இன்னிக்கு நாம கிண்டல் பண்றோமே, அந்தச் சொல் ஒரு காலத்துல வரியோட பேர். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா படம் தெளிவாகும். ஒருத்தர் வேலைக்கு வந்து சும்மா சாப்பிடுறார். இன்னொருத்தர் சும்மா வேலை பார்க்கிறார். யார் எந்தப் பக்கம்ங்கிறதை அவங்க பசி தீர்மானிக்கல.

எல்லாச் சோறும் அப்படி இல்ல. கோயில்ல அடியார்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் சோறு போட நிலம் எழுதி வச்ச கல்வெட்டுகளும் தமிழ்நாடு முழுக்க இருக்கு. அங்கேயும் கணக்கு உண்டு. எத்தனை பேருக்கு, எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய்னு எழுதி வைப்பாங்க. அந்தக் கணக்கு, கொடுக்கிறவர் குறைக்காம இருக்கிறதுக்காக எழுதினது. எச்சோறுக் கணக்கு, வாங்குறவர் விடாம இருக்கிறதுக்காக எழுதினது.

தேவனாம்பட்டினம்: சம்பளம் அஞ்சு பவுன், சாப்பாடு தனி

சிதம்பரத்துல இருந்து வடக்கே கடலூர் வருவோம். கெடிலம் ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல தேவனாம்பட்டினம். 1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்க இருந்த கோட்டையை மராட்டியர்கிட்ட வாங்கி, புனித டேவிட் கோட்டைன்னு பேர் வச்சது. கோட்டையில இருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுற தூரம் வரைக்கும் எங்க நிலம்னு எல்லை போட்டாங்க. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள்னே பேர் வந்தது.

கம்பெனியோட ஆரம்ப கால ஊழியர்களுக்கு ரொக்கச் சம்பளம் ரொம்பக் கம்மி. 1744-ல் மதராஸ் வந்து இறங்கின ராபர்ட் கிளைவ் ஒரு எழுத்தர். வருஷச் சம்பளம் 5 பவுன். ரெண்டு வருஷம் கழிச்சு பிரெஞ்சுக்காரங்க மதராஸைப் பிடிச்சப்போ, கிளைவ் தப்பிச்சு வந்து சேர்ந்த இடம் இந்தக் கடலூர்க் கோட்டைதான்.

அஞ்சு பவுன்ல எப்படி வாழ்றது? அதுக்குக் கம்பெனி ஒரு ஏற்பாடு வச்சிருந்தது. பதினேழாம் நூற்றாண்டுல இருந்தே கம்பெனியோட இருப்பிடங்கள்ல பொது மேசை உண்டு. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து கம்பெனி செலவுல சாப்பிடணும். பதவி வரிசைப்படிதான் நாற்காலி. தனியா வீடு எடுத்துக் குடும்பத்தோட இருக்கிறவங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதிலா 'டயட் மணி'ன்னு படி கொடுத்தாங்க. இன்னிக்கு ஆபீஸ்ல கேன்டீன் வேணுமா, கூப்பன் வேணுமான்னு கேட்கிறாங்களே, அதோட கொள்ளுத் தாத்தா இதுதான்.

இங்க சாப்பாட்டுக்குப் பேர் சம்பளத்தோட ஒரு பங்கு. ஊழியர் வெளியில போய் ஊர்க்காரங்களோட சாப்பிடாம, கோட்டைக்குள்ளயே கண் பார்வையில இருக்கிறதும் கம்பெனிக்கு லாபம். வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போகாம ஆபீஸ்லயே டின்னர் சாப்பிட்டுட்டு லேப்டாப்பைத் திறக்கிறவங்களுக்கு இது புரியும்.

ஒரு ராத்தல் தானியம்

ஆனா எல்லாருக்கும் மேசை கிடைக்கல. 1876-ல் இருந்து 1878 வரைக்கும் மதராஸ் மாகாணத்துல பெரும் பஞ்சம். நிவாரணம்னு சொல்லி ரோடு போடுறது, கால்வாய் வெட்டுறதுன்னு அரசு வேலை கொடுத்தது. கூலியை எவ்வளவு குறைக்கலாம்னு பார்க்க ரிச்சர்ட் டெம்பிள்ங்கிற அதிகாரி வந்தார். 1877-ல் அவர் சொன்ன அளவு, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், கூட ஒரு அணா சொச்சத்துக்குள்ள காசு. ராத்தல்னா அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. மண்ணு வெட்டுற ஆளுக்கு நாள் முழுக்க அவ்வளவுதான்.

மாகாணத்தோட சுகாதார ஆணையரா இருந்த டாக்டர் கார்னிஷ் இதை வெளிப்படையா எதிர்த்தார். உடலுழைப்பு செய்யற மனுஷனுக்கு இது சாப்பாடே இல்லங்கிறது அவர் வாதம். எதிர்ப்புக்குப் பிறகு அந்த அளவைக் கூட்டினாங்க. அதுக்குள்ள எத்தனையோ பேர் செத்துட்டாங்க.

எவ்வளவு இருந்தா அது சாப்பாடுங்கிற கேள்வி வேடிக்கையானது மட்டும் இல்லன்னு சொல்லத்தான் இதை எடுத்தேன். அந்தக் கோடு ஒரு ராத்தல்ல நிக்குதா, ஒன்றரை ராத்தல்ல நிக்குதாங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமா இருந்திருக்கு.

அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1867 மே 23-ம் தேதி, வள்ளலார் வடலூர்ல சத்திய தர்ம சாலையைத் தொடங்கினார். பக்கத்து ஊர்க்காரங்க கொடுத்த நிலத்துல ஒரு அடுப்பு. அன்னிக்கு மூட்டின அந்த அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையலன்னு அங்க சொல்வாங்க. அங்க சாப்பிட ஒரே தகுதி, பசி. வேலை செஞ்சியா, எந்த ஜாதி, எவ்வளவு சாப்பிட்டேன்னு கேள்வி இல்ல. டெம்பிளோட அளவுகோலையும் வள்ளலாரோட அடுப்பையும் ஒரே மாகாணம், ஒரே பதினோரு வருஷத்துக்குள்ள பார்த்திருக்கு.

இட்லியை விக்க முடியுமா?

இந்தியாவுல முதல் வருமான வரி வந்தது 1860-ல். ஜேம்ஸ் வில்சன் கொண்டு வந்தார். அப்போ மதராஸ் கவர்னரா இருந்த சார்லஸ் ட்ரெவெலியன் இந்த வரி வேண்டாம்னு பகிரங்கமா எதிர்த்தார். அதுக்காகவே அவரைப் பதவியில இருந்து திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

சம்பளத்தோட சும்மா கிடைக்கிறது வருமானமாங்கிற கேள்விக்கு ஒரு பெரிய பதில் 1892-ல் வந்தது. ஸ்காட்லாந்துல மான்ட்ரோஸ்ங்கிற ஊர்ல ஒரு பேங்க் அதிகாரி, பேங்க் கட்டடத்துலயே இலவசமாக் குடியிருந்தார். குடியிருந்தே ஆகணும்ங்கிறது வேலை நிபந்தனை. அந்த வாடகை மதிப்பு அவர் வருமானமா? இல்லன்னு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொல்லிடுச்சு. அவரால அதை இன்னொருத்தருக்கு வாடகைக்கு விட்டுக் காசாக்க முடியாது, அதனால அது வருமானம் இல்ல.

சாப்பாட்டுக்கும் இந்த நியாயத்தைப் பொருத்திப் பாருங்க. கேன்டீன் இட்லியைச் சாப்பிடலாம், இல்லன்னா விட்டுடலாம். வெளியில கொண்டு போய் விக்க முடியாது. கூப்பனைக் கைமாத்தக் கூடாதுங்கிற நிபந்தனையிலயும் இந்தப் பழைய யோசனையோட வாசனை இருக்கு. ஆனா 1961 சட்டம் அந்த வழியில முழுசாப் போகல. காசாக்க முடியாட்டியும் சலுகைக்கு ஒரு மதிப்புப் போட்டு வரி போடலாம்னு வச்சது. அதனாலதான் 50 ரூபாய் மாதிரி ஒரு கோடு தேவைப்பட்டது.

புல்லட் கேன்டீனும் ஜென்டில்மேன் கிளப்பும்

இப்போ சுதந்திர இந்தியா. 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல வேலை பார்க்கிற தொழிற்சாலையில கேன்டீன் வைக்கணும்னு உத்தரவு போட மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, 1956-ல் உருவான நெய்வேலி நிலக்கரி நிறுவனம்னு இந்த மாவட்டத்துலயே பெரிய தொழில்கள் உண்டு. 1976-ல் இன்னொரு திருத்தம். கேன்டீன் நடத்துற செலவுல எதையெல்லாம் சாப்பாட்டு விலையில சேர்க்கக் கூடாது, முதலாளியே ஏத்துக்கணும்னு விதி போடலாம்னு சொன்னாங்க.

ஆனா விற்பனை வரிக்காரங்க இந்தக் கேன்டீன்களை வேற கண்ணால பார்த்தாங்க. சென்னையில புல்லட் பைக் தயாரிச்ச என்ஃபீல்டு இந்தியா கம்பெனியில, ஊழியர்களுக்காக ஒரு கூட்டுறவுக் கேன்டீன் இருந்தது. அங்க உறுப்பினருக்குக் கொடுக்கிற டீ, பலகாரத்துக்கு விற்பனை வரி கட்டணும்னு அதிகாரி சொன்னார். இது எங்க கேன்டீன், எங்களுக்கு நாங்களே போட்டுக்கிற டீ, இதுல விற்பனை எங்க வந்ததுன்னு கேன்டீன் வாதாடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1960-களோட கடைசியில தீர்ப்பு. கூட்டுறவுச் சங்கம் சட்டப்படி தனி நபர், உறுப்பினர் வேற. ஒருத்தர் இன்னொருத்தருக்குக் காசு வாங்கிக் கொடுத்தா அது விற்பனை. வரி கட்டணும்.

அடுத்து 1970. அதே சென்னை, அதே விற்பனை வரிச் சட்டம். இந்தத் தடவை கோர்ட்டுக்கு வந்தவங்க இளைஞர் இந்தியச் சங்கம், காஸ்மோபாலிட்டன் கிளப், ஊட்டியில இருந்த லாலி இன்ஸ்டிட்யூட். கிளப்புல உறுப்பினர்களுக்கு டிபன், காபி கொடுக்கிறோம், இது விற்பனையான்னு கேள்வி. உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், இல்ல. கிளப் உறுப்பினர்களோட ஏஜென்ட் மாதிரிதான் செயல்படுது. தங்களோட பொருளைத் தாங்களே சாப்பிடுறாங்க. வரி கிடையாது.

சட்டப்படி ரெண்டு வழக்குக்கும் வித்தியாசம் உண்டு. என்ஃபீல்டு கேன்டீன் வெறும் ஏஜென்ட்டா இருந்ததுன்னு அந்த வழக்குல நிரூபணம் ஆகலன்னு நீதிமன்றம் விளக்கிச் சொன்னது. அதை நான் மறுக்கல. ஆனா கோர்ட்டுக்கு வெளியில நின்னு பார்க்கிற ஒருத்தருக்கு எப்படித் தெரியும்? ஷிஃப்ட்டுக்கு நடுவுல தொழிலாளி குடிச்ச டீ விற்பனை. சாயங்காலம் கிளப்புல கனவான் குடிச்ச காபி விற்பனை இல்ல.

இதுக்கு நடுவுல 1964-ல் மதராஸ் சட்டத்தைத் திருத்தி, லாப நோக்கம் இல்லாட்டியும் அது வியாபாரம்தான்னு எழுதிட்டாங்க. 1970-களோட ஆரம்பத்துல பர்மா ஷெல் கம்பெனி வழக்குல அந்தத் திருத்தம் வேலை செஞ்சது. கேன்டீன் வைக்கச் சொல்றதே சட்டம்தான். அப்போ அது கம்பெனித் தொழிலோட சேர்ந்த வேலை, அதனால கேன்டீன் விற்பனைக்கும் வரி உண்டுன்னு ஆச்சு. நலத்துக்காக ஒரு சட்டம் கட்டாயப்படுத்தினதையே, இன்னொரு சட்டம் காரணமாக் காட்டி வரி கேட்டது. கடைசியில 46-வது அரசியல் சாசனத் திருத்தம் 1983 பிப்ரவரியில அமலுக்கு வந்து, சாப்பாடு பரிமாறுறதையும் கிளப் கொடுக்கிறதையும் விற்பனையாவே கருதலாம்னு கதவைத் திறந்து விட்டது.

வெண்ணெய் இல்லாத ரொட்டி

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஜெர்மனியில சுமார் 80 பேர் வேலை பார்த்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. தினமும் ஏறக்குறைய 150 பன் ரொட்டிகளை வாங்கிக் கூடையில வச்சிடும். மெஷின்ல காபி, டீ. வேணும்ங்கிறவங்க எடுத்துக்கலாம். வரி அலுவலகம் வந்து, இது காலை உணவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.50 யூரோவுல இருந்து 1.57 யூரோ வரைக்கும் மதிப்புப் போட்டு வரி கட்டுங்கன்னு சொல்லிடுச்சு.

2019 ஜூலை 3-ம் தேதி, மியூனிக்ல இருக்கிற அவங்க உச்ச வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தடவிக்க வெண்ணெயோ ஜாமோ, மேல வைக்கச் சீஸோ இல்லாத வெறும் ரொட்டியும் ஒரு சூடான பானமும் காலை உணவு ஆகாது. கம்பெனி ஜெயிச்சது.

படிக்கிறப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசிச்சா, நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தைத்தான் அந்த நீதிபதிகள் சொல்லியிருக்காங்க. தொட்டுக்க எதுவும் இல்லாட்டி அது டிபனா? சட்னி இல்லாத இட்லியை எந்த ஓட்டல்லயாவது தட்டுல வச்சா, "என்னங்க, தொட்டுக்க?"ன்னுதான் முதல்ல கேட்போம். சிதம்பரத்துல இட்லிக்கும் கொத்சுதான், சம்பா சாதத்துக்கும் கொத்சுதான்.

ஒரு அணாவும் நூறு மில்லி சாம்பாரும்

காலை உணவுன்னா என்னன்னு தமிழ்நாடு அரசே எழுதி வச்ச ஒரு இடம் இருக்கு. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். முதல் கட்டத்துல 1,545 அரசுப் பள்ளிகள், 1,14,095 குழந்தைகள். அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒண்ணு. ஒரு குழந்தைக்கு அரிசி, ரவை, சேமியா, சிறுதானியம் இதுல ஏதோ ஒண்ணு 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். சமைச்ச பிறகு 150-ல் இருந்து 200 கிராம் உணவு, கூட 100 மில்லி காய்கறி சாம்பார். மியூனிக் கேட்ட அதே தொட்டுக்கதான், இங்க அரசாணையில மில்லி கணக்குல.

இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. 1920-ல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியில இருந்தப்போ, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாது. இன்னும் சில பள்ளிகளுக்கும் திட்டம் விரிஞ்சது. ஆனா 1925-ல் நின்னு போச்சு. காரணம் அரிசி தீர்ந்ததோ பிள்ளைங்க வராததோ இல்ல. இந்தச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில எழுதக் கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு சொல்லிடுச்சு.

இந்த எபிசோடுல நான் சொன்ன எல்லாக் கதையும் அந்த ஒரு முடிவுல இருக்கு. சாப்பாடு கல்விச் செலவான்னு ஒருத்தர் கேட்டார். இல்லன்னு இன்னொருத்தர் பதில் எழுதினார். அவ்வளவுதான், தட்டு காலி. பசியோட உட்கார்ந்தா எழுத்து ஏறாதுன்னு எந்த வாத்தியாரும் சொல்வார், ஆனா அந்தக் கணக்குப் புத்தகத்துல அதை எழுத ஒரு தலைப்பு இல்ல.

யார் பேர் பட்டியல்ல இல்ல?

அப்போ இன்னிக்கு ஆபீஸ் டிபனுக்கு வரி போடணுமா, வேண்டாமா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. வரி வேண்டாம்னு சொல்றவங்க, இது வேலைக்கான வசதி, நாற்காலி, ஃபேன் மாதிரின்னு சொல்றாங்க. வேணும்னு சொல்றவங்களோட கேள்வி வேற. ஒரு கம்பெனி சம்பளத்தைக் குறைச்சு, மிச்சத்தைச் சாப்பாடாக் கொடுத்தா? தன் காசுல டிபன் பாக்ஸ் கட்டிட்டு வர்ற பஸ் கண்டக்டர் முழுச் சம்பளத்துக்கும் வரி கட்டும்போது, கம்பெனி பஃபேயில சாப்பிடுறவர் ஏன் தப்பிக்கணும்? இது நியாயமான கேள்வி. அதனால ஒரு கோடு வேணும்ங்கிறதை நான் ஒத்துக்கிறேன். அந்தக் கோடு விலைவாசியோட நகரணும்னும் சொல்வேன். இருபது வருஷம் அசையாத கோடு, யாரும் கேட்காமலேயே வரியை ஏத்திக்கிட்டே போகும்.

ஆனா இந்தச் சண்டை முழுக்கச் சம்பளச் சீட்டு இருக்கிறவங்களுக்கு நடுவுல நடக்கிற சண்டை. சலுகைக்கு வரி போடணும்னா முதல்ல அந்தச் சலுகை கிடைக்கணும். வயல்ல கூலியோட சேர்த்துக் கஞ்சி வாங்கினவங்களுக்கு, அது கூலியா, தயவான்னு 1948 வரைக்கும் சட்டமே தெளிவாச் சொல்லல. அந்த வருஷம் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம்தான், கூலியை ரொக்கமாத் தரணும், வழக்கம் இருக்கிற இடத்துல பொருளாத் தர அரசு அனுமதி வேணும்னு எழுதுச்சு. கஞ்சியைக் காட்டிக் காசைக் குறைக்கிற வழியை அது கொஞ்சமாவது அடைச்சது.

2020-ல் வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கேன்டீனுக்கான வரம்பை 250-ல் இருந்து 100 பேரா இறக்கியிருக்கு. முக்கியமா, அந்த நூறுல ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணணும்னு சொல்லியிருக்கு. என்னைக் கேட்டா, 50 ரூபாய் வரம்பைவிட இது பெரிய விஷயம். சோழர் காலத்துல இருந்து இந்தக் கணக்குல மாறாம இருக்கிறது ஒண்ணுதான். யாரை எண்ணுறாங்களோ அவங்களுக்குத்தான் இலை.

அதனால அடுத்த தடவை உங்க ஆபீஸ்ல மீல் கூப்பன் பத்தி மெயில் வந்தா, வரி எவ்வளவு மிச்சம்னு பாருங்க, தப்பில்ல. கூடவே இன்னொண்ணையும் கேட்டுப் பாருங்க. அந்த பேன்ட்ரியில தட்டு கழுவுற அக்காவும், வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனும் காலையில எங்க சாப்பிடுறாங்க? அவங்க சாப்பாட்டுக்கு உங்க கம்பெனி கணக்குல ஏதாவது பேர் இருக்கா?